சங்கீதம் 52: தோவேக்கு சொன்னதில் பொய் எங்கே?

கீழவாசல்:

சங்கீதம் 52 இங்கே பலருக்கும் மனப்பாடமாக இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடும் தாவீதுக்கு நோபு ஊர் ஆசாரியன் அகிமெலேக்கு உதவுகிறான்; அதைச் சவுலின் வேலைக்காரன் தோவேக்கு போய்ச் சொல்ல, அகிமெலேக்கோடு 85 ஆசாரியர்கள் வெட்டப்படுகிறார்கள்.

ஏதோமியனாகிய தோவேக்கு சவுலிடம் போய், தாவீது அகிமெலேக்கின் வீட்டுக்கு வந்தான் என்று அறிவித்தபோது பாடியது என்று தலைப்பு சொல்கிறது. அப்புறம் பாட்டு முழுக்க அந்த நாக்கின் மேல்தான் கோபம். தீட்டின சவரகன் கத்தி போன்ற நாக்கு, உண்மையைவிடப் பொய்யை விரும்பும் நாக்கு, ஆளையே விழுங்கும் சொற்களில் ஆசை வைத்த கபட நாக்கு. 5-ம் வசனத்தில் தீர்ப்பு வருகிறது: தேவன் உன்னை இடித்துப்போடுவார், கூடாரத்திலிருந்து பிடுங்குவார், உயிரோடிருப்பவர்களின் தேசத்திலிருந்து வேரோடு எடுத்துவிடுவார்.

இப்போது 1 சாமுவேல் 22-ஐத் திறந்து பாருங்கள். தோவேக்கு சொன்னது என்ன? ஈசாயின் மகன் (தாவீதுதான்) நோபுக்கு வந்ததைக் கண்டேன். அகிமெலேக்கு அவனுக்காகக் கர்த்தரிடத்தில் விசாரித்தான். வழிக்கு உணவு கொடுத்தான். கோலியாத்தின் பட்டயத்தையும் கொடுத்தான். அவ்வளவுதான். 21-ம் அதிகாரத்தில் கர்த்தரிடம் விசாரித்த செய்தி இல்லை என்பது சரி. ஆனால் அகிமெலேக்கே பிறகு அதை மறுக்கவில்லை, 'இன்றைக்குத்தானா முதல் தடவை விசாரித்தேன்' என்கிற தொனியில்தான் பதில் சொல்கிறான்.

அந்தக் கதையில் பச்சையாகப் பொய் சொன்னவன் தாவீது. ராஜா ஒரு ரகசிய வேலையாக அனுப்பினார், ஆட்களை இன்ன இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அவசரத்தில் ஆயுதம்கூட எடுக்கவில்லை. எல்லாமே அந்த இடத்தில் கட்டிச் சொன்னவை. அதை நம்பித்தான் ஆசாரியன் கர்த்தருடைய சந்நிதியில் வைக்கும் பரிசுத்த அப்பமான சமுகத்தப்பத்தை எடுத்துக் கொடுத்தான்.

பொய் சொன்னவன் பாடுகிறான், உள்ளதைச் சொன்னவனுக்குத் தெய்வத் தீர்ப்பு. இதை நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?

மார்த்தா:

தம்பி, தோவேக்கு சொன்னதைப் பார்த்தாய். சொல்லாமல் விட்டதையும் பார். 21:1-ல் அகிமெலேக்கு நடுங்கிக்கொண்டு வருகிறான், 'ஏன் தனியாக வந்தாய், உன்னோடு ஒருவரும் இல்லையே' என்று கேட்கிறான். ராஜா அனுப்பினார் என்ற பதில் கிடைத்த பிறகே உதவுகிறான். தோவேக்கு அன்றைக்கு அங்கேதான் கர்த்தருடைய சந்நிதியில் தடைபட்டிருந்தான் என்று 21:7 சொல்கிறது. 'ராஜா அனுப்பியதாகச் சொன்னான், அதை நம்பி இவர் கொடுத்தார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் 85 பேர் பிழைத்திருப்பார்கள்.

அந்த ஒரு வரியைத்தான் விழுங்கிவிட்டான். கபட நாக்கு என்று சொல்ல எனக்கு இது போதும்.

வாசிப்பவன்:

அக்கா, அந்தப் பேச்சு தோவேக்கின் காதில் விழுந்ததா என்று வசனம் சொல்லவில்லையே. அங்கே இருந்தான் என்பது மட்டும்தான் இருக்கிறது. கேட்காததைச் சொல்லவில்லை என்று ஒருவனைக் குற்றம் சாட்ட முடியாது.

என் பார்வை சுலபமானது. தலைப்பு பிற்காலத்தில் சேர்த்தது. தாவீதின் வாழ்க்கைச் சம்பவத்தோடு இணைக்கும் தலைப்புகள் மொத்தம் 13 சங்கீதங்களில் இருக்கின்றன. பல இடங்களில் தலைப்புக்கும் பாட்டுக்கும் இடையே இழுபறிதான். 52-ல் வருபவன் பணத்தை நம்பித் திமிராக இருக்கும் ஒரு பலசாலி. தோவேக்கு சவுலின் மேய்ப்பர்களுக்குத் தலைவன், அரண்மனை வேலைக்காரன். பாட்டில் கொலையைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? 85 ஆசாரியர்களைத் தன் கையால் வெட்டியவனைப் பற்றிப் பாடுகிறவர் அதை விட்டுவிட்டு நாக்கைப் பற்றியா பாடுவார்? தலைப்பை எடுத்துவிட்டால் உங்கள் சிக்கலே போய்விடும்.

கச்சேரித்தெரு:

இத்தனை வருடம் கோர்ட்டில் சாட்சி விசாரணையைப் பதிவு செய்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

22:6-லிருந்து மெதுவாக வாசியுங்கள். சவுல் கிபியாவில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், கையில் ஈட்டி. சுற்றிலும் ஊழியக்காரர். எல்லாரும் பென்யமீன் கோத்திரத்துச் சொந்த ஆட்கள். அவர்களைப் பார்த்துத்தான் கத்துகிறான்: ஈசாயின் மகன் உங்களுக்கு வயலும் திராட்சத்தோட்டமும் கொடுப்பானா? ஆயிரம் பேருக்குத் தலைவர்களாக ஆக்குவானா? நீங்கள் எல்லாரும் எனக்கு விரோதமாகக் கட்டுப்பாடு (அதாவது சதி) பண்ணிக்கொண்டீர்கள், என் மகன் அவனோடு உடன்படிக்கை செய்ததை ஒருவனும் எனக்குச் சொல்லவில்லை, எனக்காக வருத்தப்படுகிறவன் ஒருவனும் இல்லை.

கவனியுங்கள். இந்த நிமிஷத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது சவுலின் ஊழியக்காரர்களும் அவன் மகன் யோனத்தானும்தான். ஆசாரியர்களைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தச் சமயம் பார்த்து, வெளி இனத்தானான தோவேக்கு வாயைத் திறக்கிறான். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ராஜாவின் கோபம் இந்தக் கூட்டத்தின் மேல் நின்றது, அதை அப்படியே நோபுப் பக்கம் திருப்பிவிட்டான். சொன்ன மூன்றும் நடந்தவை. சொன்ன இடமும் நேரமும்தான் கத்தி.

அடுத்தது 13-ம் வசனம். 'நீயும் ஈசாயின் மகனும் எனக்கு விரோதமாகக் கட்டுப்பாடு பண்ணினது என்ன' என்று சவுல் அகிமெலேக்கைக் கேட்கிறான். இந்தச் சதிக் குற்றச்சாட்டு தோவேக்கு வாயிலிருந்து வரவே இல்லை. அப்பம், பட்டயம், விசாரிப்பு என்று மூன்றை மட்டும் வரிசையாக எடுத்து வைத்தான், மீதியைக் கேட்டவன் நிரப்பிக்கொண்டான். இப்படிப்பட்ட சாட்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 'ராத்திரி 2 மணிக்கு மூட்டையோடு வெளியே போனான், பார்த்தேன்.' அவ்வளவுதான் சொல்வார். குறுக்கு விசாரணையில்தான் வெளிவரும், மூட்டையில் இருந்தது பிரசவத்துக்கான துணி என்று. அகிமெலேக்குக்குக் குறுக்கு விசாரணை கிடைக்கவில்லை. ஒரே சாட்சி, அன்றைக்கே மரணத் தீர்ப்பு. உபாகமம் 17:6 மரண தண்டனைக்கு இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது. ஒரே சாட்சியின் வாக்கினால் கொல்லக்கூடாது என்று தனியாகவும் சொல்கிறது.

வாசிப்பவனுக்கு ஒரு பதில்: பணத்தை நம்பியவன் என்று 52:7 சொல்வது எனக்கு அன்னியமாகப் படவில்லை. வயல், திராட்சத்தோட்டம், ஆயிரம் பேருக்குத் தலைமை என்று பரிசுப் பட்டியலைச் சவுல் நீட்டிய பிறகுதான் இவன் பேசுகிறான்.

லூர்து:

அருமை அண்ணே. இன்னொன்றும் அதே இடத்தில் இருக்கிறது. ராஜா வெட்டச் சொன்னபோது காவலர்கள் கையை நீட்ட மறுத்துவிட்டார்கள். சவுலின் சொந்தக் கோத்திரத்தார் சூழ நிற்கும் சபையில் அது சாதாரணத் துணிச்சல் இல்லை. சொன்னவனே வெட்ட வேண்டியதாயிற்று.

பழைய ஏடு:

தலைப்பு பிற்காலத்தது என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் அதனாலேயே அதைத் தூக்கி எறிவது சரியில்லை. அந்தத் தலைப்பைப் போட்டவர் நமக்கு முன்னால் இந்தப் பாட்டை வாசித்த ஒருவர். சாமுவேல் புத்தகத்தை நன்றாக அறிந்தவர். தோவேக்கின் வார்த்தைகள் நடந்தவைதான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் இந்தப் பாட்டின் மேல் அவன் பெயரை எழுதினார்.

தற்செயல் என்று நினைத்தால் இரண்டு பாட்டு தள்ளி 54-ஐப் பாருங்கள். சீப் ஊரார் சவுலிடம் வந்து, தாவீது எங்களிடத்தில் ஒளிந்திருக்கிறான் அல்லவா என்று சொன்னபோது பாடியதாம். 1 சாமுவேல் 23-ல் அந்தக் கதை இருக்கிறது. அதுவும் நூற்றுக்கு நூறு உண்மைத் தகவல். ஒளிந்துதான் இருந்தான். ஆக, ராஜாவின் காதில் உள்ளதைப் போட்டவர்கள் இரண்டு பேருக்கு இரண்டு பாட்டு.

யூத மரபு இதை வெகு நேராக எடுத்துக்கொண்டது. 'லஷோன் ஹாரா', அதாவது தீய நாக்கு, என்று அவர்கள் சொல்வது முதன்மையாக உண்மையான பேச்சைத்தான். 12-ம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதெஸ் இதைப் பிரித்தே எழுதினார்: நடந்ததைச் சொல்லி ஒருவனுக்குத் தீங்கு வரவழைப்பது லஷோன் ஹாரா, இல்லாததைச் சொல்லிப் பேரைக் கெடுப்பது வேறு குற்றம். ரபிமாரின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதின் அராகின் பகுதியில், அந்தப் பேச்சு மூன்று பேரைக் கொல்லும் என்று வருகிறது: சொல்கிறவன், கேட்டு ஏற்கிறவன், யாரைப் பற்றிச் சொல்லப்பட்டதோ அவன். தோவேக்கு, சவுல், அகிமெலேக்கு. எருசலேம் தல்மூத் சவுல் காலத்தில் அது நான்கு பேரைக் கொன்றது என்று சவுலின் படைத்தலைவன் அப்னேரையும் சேர்க்கிறது.

அதே அராகினில் சங்கீதம் 120-ஐ வைத்து ஒரு வேடிக்கையான இடம் உண்டு. 'கபட நாக்கே, உனக்கு இன்னும் என்ன செய்யப்படும்' என்று பாட்டு கேட்கிறது அல்லவா? தேவன் நாக்கைப் பார்த்துச் சொல்கிறாராம்: மற்ற உறுப்புகளை எல்லாம் நிமிர்த்தி வைத்தேன், உன்னைப் படுக்க வைத்தேன், அவற்றை வெளியே விட்டேன், உன்னை உள்ளே போட்டேன், எலும்பால் ஒரு சுவர், சதையால் ஒரு சுவர் என்று இரண்டு மதிலும் கட்டினேன், இதற்கு மேல் உனக்கு என்னதான் செய்வது?

கீழவாசல்:

மிக்க நன்றி ஐயா. பல்லும் உதடும் மதில் என்று யோசித்ததே இல்லை.

ஆனால் சங்கீதம் 34-ஐ யாரும் தொடவில்லையே. அதன் தலைப்பு, தாவீது அபிமெலேக்கு முன் புத்தி மாறினவன் போல நடித்துத் துரத்திவிடப்பட்டபோது பாடியது என்கிறது. சாமுவேலில் அந்த ராஜாவின் பெயர் ஆகீஸ், காத்தூர் ராஜா. எப்போது நடந்தது? நோபிலிருந்து அப்பத்தையும் பட்டயத்தையும் வாங்கிக்கொண்டு ஓடிய அதே நாள். அதாவது காலையில் ஆசாரியனிடம் பொய், அடுத்து காத்தில் தாடியில் எச்சில் ஒழுக விட்டுக் கதவுகளில் கீறிப் பைத்தியக்கார வேஷம். அந்தத் தலைப்பின் கீழ்தான் 34:13 இருக்கிறது: நாவைத் தீங்குக்கும் உதடுகளைக் கபட வசனிப்புக்கும் விலக்கிக் காத்துக்கொள்.

தலைப்பு போட்டவர் குறும்புக்காரரா, இல்லை கண்டுகொள்ளவே இல்லையா?

வாசிப்பவன்:

குறும்பெல்லாம் இல்லை. ஜெயித்தவன் பாட்டுப் புத்தகம் அது. தாவீது பொய் சொன்னால் அது சாமர்த்தியம். மற்றவன் உண்மை சொன்னால் அது கபடம்.

மார்த்தா:

ஜெயித்தவன் புத்தகம் என்றால் 22:22-ஐ ஏன் வைத்திருக்கிறார்கள் தம்பி? நோபிலிருந்து அபியத்தார் ஒருவன் மட்டும் தப்பி வருகிறான். அவனிடம் தாவீது சொல்வது: தோவேக்கு அங்கே இருந்தபடியால் அவன் நிச்சயமாகச் சவுலுக்கு அறிவிப்பான் என்று அன்றே அறிந்திருந்தேன், உன் தகப்பன் வீட்டார் அத்தனை பேருக்கும் நானே காரணம். பூசி மெழுகவில்லை.

லூர்து:

அக்கா சொன்னது சரி, ஆனால் அந்த வாக்குமூலம் பாட்டுக்குள் வரவில்லையே. 52-ல் 'நான் தேவனுடைய ஆலயத்தில் பச்சையான ஒலிவ மரம்' என்றுதான் முடிக்கிறார். நோபில் குழந்தைகள், தாய்ப்பால் குடிக்கிறவை, ஆடு மாடு கழுதை வரை வெட்டப்பட்ட பிறகு இந்த வரியைப் பாட எனக்கு நா எழவில்லை. அந்தப் பட்டியல் 15-ம் அதிகாரத்தில் அமலேக்கியருக்குச் சொன்ன அதே பட்டியல் என்பதும் உறுத்துகிறது. அங்கே நல்ல ஆடு மாடுகளைத் தப்பவிட்ட சவுல் இங்கே ஒன்றையும் விடவில்லை.

பழைய ஏடு:

லூர்து, உங்களுக்கு வந்த உறுத்தல் ரபிமாருக்கும் வந்தது. தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் ஒரு கதை. தேவன் தாவீதிடம் கேட்கிறார்: இந்தப் பாவம் எத்தனை நாள் உன் கையில் மறைந்திருக்கும்? ஆசாரியர் ஊராகிய நோபு அழிந்தது உன்னால், தோவேக்கு துரத்தப்பட்டது உன்னால், சவுலும் அவன் மூன்று மகன்களும் செத்தது உன்னால். உன் வம்சம் அற்றுப்போக வேண்டுமா, உன்னை எதிரியின் கையில் கொடுக்க வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள். தாவீது இரண்டாவதைத் தெரிந்துகொள்கிறான்.

தோவேக்கு துரத்தப்பட்டதைக்கூடத் தாவீதின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்.

கச்சேரித்தெரு:

தோவேக்குக்கு என்ன ஆயிற்று? 22-க்குப் பிறகு அவன் பெயரே சாமுவேலில் வருவதாகத் தெரியவில்லையே.

பழைய ஏடு:

வராது. வேரோடு பிடுங்குவார் என்று பாட்டு முழங்குகிறது, சாமுவேல் புத்தகம் அவன் முடிவைப் பற்றி வாயே திறக்கவில்லை. போரில் செத்தானா, வயல் வாங்கிச் சுகமாக இருந்தானா, ஒன்றும் இல்லை.

அந்த வெற்றிடத்தைத் தல்மூத் நிரப்பியது. 'இரத்தப்பிரியரும் சூதுள்ள மனுஷரும் தங்கள் ஆயுளின் பாதிவரையும் பிழைத்திருக்கமாட்டார்கள்' என்று 55:23 சொல்கிறது. மனித ஆயுள் 70 என்றால் பாதி 35. ஆகவே தோவேக்கு 34 வயதில் செத்தான் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். மூன்று நாச தூதர்கள் வந்தார்களாம்: ஒருவன் அவன் படித்த வேதத்தை மறக்கடித்தான், ஒருவன் உயிரை எரித்தான், ஒருவன் சாம்பலை ஜெப ஆலயங்களிலும் பாடசாலைகளிலும் தூவினான். ஏனென்றால் அவர்கள் மரபில் தோவேக்கு மேய்ப்பர் தலைவன் மட்டுமல்ல, பெரிய வேத அறிஞன். மறுமையில் பங்கில்லாத சாமானியர் நால்வர் என்று மிஷ்னா (தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு) சொல்லும் பட்டியலிலும் இருக்கிறான்: பிலேயாம், தோவேக்கு, அகித்தோப்பேல், கேயாசி. நால்வருமே வாயால் கெட்டவர்கள் என்பது என் சொந்தக் கவனிப்பு.

வாசிப்பவன்:

இதைத்தான் கேட்க நினைத்தேன். தீர்ப்பு நடந்ததாகக் காட்ட முடியாதபோது கதை கட்டுகிறார்கள். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அகிமெலேக்கு பழைய ஆசாரியன் ஏலியின் வம்சம். ஏலியின் வீட்டில் கிழவன் இராதபடிக்கு அறுத்துப்போடுவேன் என்று 1 சாமுவேல் 2-ல் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் நோபில் நடந்ததே தெய்வத் தீர்ப்பு. வெட்டுப்பட்டவர்கள் மேல் வந்த தீர்ப்பு! அதை நிறைவேற்றியவன் தோவேக்கு. பிறகு எந்த முகத்தோடு அவனைத் தேவன் இடித்துப்போடுவார் என்று பாடுவது?

மார்த்தா:

கடினமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இரண்டையும் ஒரே கையில் பிடிப்பது அந்தப் புத்தகங்களுக்குப் புதிதல்ல. ஏசாயா 10-ல் அசீரியன் தேவனுடைய கோபத்தின் கோல். அனுப்பியவரும் அவரே. அதே அதிகாரத்தில், வேலை முடிந்ததும் அசீரியாவின் ராஜாவுடைய மனமேட்டிமையை விசாரிப்பேன் என்கிறார். கோல் தன் இஷ்டத்துக்கு ஆடியதற்கு அது கணக்குக் கொடுக்க வேண்டும். தோவேக்கு ஏலியின் வீட்டைப் பற்றிய வாக்கை நினைத்தா பேசினான்? அவன் மனதில் இருந்தது திராட்சத்தோட்டம்.

ஏசாயா 10-ஐத் திறந்தவர்கள் 32-ம் வசனத்தையும் பாருங்கள். அசீரியன் எருசலேமை நோக்கிக் கைநீட்டி மிரட்ட நிற்கும் இடம் எது? நோபு.

கச்சேரித்தெரு:

அக்கா, அந்த நோபு வசனம் என் கண்ணில் இதுவரை பட்டதே இல்லை.

வாசிப்பவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்க வரவில்லை. ஆனால் எனக்குக் கேள்வி வேறு. ஏன் தேவனிடம் போகிறார்கள்? கோர்ட்டுக்குப் போகலாமே. இந்தப் பாடல்களில் பொய் நாக்கைப் பற்றிய முறையீடு இத்தனை இடத்தில் வருவது ஏன்? சங்கீதம் 5, 12, 27, 31, 35, 64, 109, 120, 140 என்று எண்ணிக்கொண்டே போகலாம். கொலை, கொள்ளை பற்றிக்கூட இவ்வளவு முறையீடு இல்லை.

எனக்குத் தோன்றுவது: கொலைக்கு உடல் இருக்கும், திருட்டுக்குப் பொருள் இருக்கும். பொய்ச் சாட்சிக்குக் கோர்ட்டே ஆயுதம். ஆயுதத்திடமே போய் ஆயுதத்தைப் பற்றிப் புகார் கொடுக்க முடியாது. திராட்சத்தோட்டத்துக்காகப் பொய்ச் சாட்சியால் கொல்லப்பட்ட நாபோத்தை நினைத்துப் பாருங்கள். 1 இராஜாக்கள் 21-ல் சட்டப்படி இரண்டு சாட்சிகள், சட்டப்படி மூப்பர் சபை, சட்டப்படி கல்லெறி. ஒரு குறையும் சொல்ல முடியாத விசாரணை. திராட்சத்தோட்டம் கைமாறியது.

பழைய ஏடு:

நீங்கள் சொல்வதற்கு ஒரு நூறு வருடப் படிப்பு இருக்கிறது. 1928-ல் ஹான்ஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியர், இந்தப் பாடல்களில் பல, குற்றம் சாட்டப்பட்டவன் ஆலயத்தில் நின்று செய்த ஜெபங்கள் என்றார். மனிதரால் தீர்க்க முடியாத வழக்கு ஆலயத்துக்கு வரும். 1 இராஜாக்கள் 8:31-32-ல் சாலொமோன் கேட்பது அதுதான்: ஒருவன் உம்முடைய பலிபீடத்துக்கு முன் ஆணையிட வந்தால், பரலோகத்தில் நீர் கேட்டு, துன்மார்க்கனைக் குற்றவாளியாக்கி, நீதிமானை நீதிமானாக்கும். அந்தத் தீர்ப்பு வரும்வரை அவன் சொல்லிக்கொண்டிருந்த பாட்டுகள் இவை என்பது ஷ்மிட்டின் எண்ணம். எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது, ஆனால் 7, 35, 109 போன்றவற்றை அப்படி வாசித்தால் நிறையப் புரிகிறது. அதற்குச் சில வருடம் முன்பு, 1921-ல், நார்வேக்காரர் மோவின்கெல் வேறு பாதையில் போனார். அந்த 'அக்கிரமக்காரர்' எல்லாம் மந்திரவாதிகள், அவர்கள் நாக்கில் இருப்பது ஏவல் சொல் என்றார். எனக்கு அது 58-ல் மட்டும் கொஞ்சம் ஒட்டுகிறது, மற்ற இடத்தில் இழுத்துப் பிடிப்பதாகத்தான் தெரிகிறது.

தண்டனையின் உருவத்தைக் கவனித்தால் அது கோர்ட் மணம் வீசுவது தெரியும். 64-ல் அவர்கள் நாவைப் பட்டயம்போல் கூராக்கி, கசப்பான வார்த்தைகளை அம்பாக நாணேற்றி, மறைவிலிருந்து எய்கிறார்கள். 7-ம் வசனத்தில் தேவன் அவர்கள் மேல் அம்பு எய்கிறார். 8-ல் அவர்கள் நாவே அவர்களைக் கவிழ்க்கிறது. இது உபாகமம் 19:19-தான்: பொய்ச் சாட்சி தன் சகோதரனுக்குச் செய்ய நினைத்ததை அவனுக்கே செய்யுங்கள்.

கீழவாசல்:

12-ஐயும் சேர்க்க வேண்டும். அங்கே அவர்கள் தைரியமாகவே சொல்கிறார்கள்: எங்கள் நாவினால் மேற்கொள்வோம், எங்கள் உதடுகள் எங்களுடையவை, யார் எங்களுக்கு ஆண்டவன்? உடனே, ஏழைகள் பாழாக்கப்பட்டதினிமித்தமும் எளியவர்களின் பெருமூச்சினிமித்தமும் எழுந்தருளுவேன் என்று பதில் வருகிறது. அவருடைய சொல் ஏழுதரம் உருக்கிய வெள்ளி. இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கடைசி வசனத்தில் துன்மார்க்கர் இன்னும் எங்கும் சுற்றித் திரிகிறார்கள்! எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

லூர்து:

சபிக்கும் பாடல்களைப் பற்றி ஒன்று. எங்கள் திருச்சபையில் 2-ம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குருக்கள் தினமும் சொல்லும் ஜெபப் புத்தகமான திருப்புகழ்மாலையைத் திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களை முழுவதுமாக விட்டுவிட்டார்கள். வேறு சிலவற்றில் சில வசனங்களை மட்டும் எடுத்தார்கள். ஆக, வஞ்சக நாவைப் பற்றிய மிகக் கடுமையான இரண்டு பாட்டு எங்கள் குருக்களின் தினசரி வாயில் இல்லை. எனக்கு அது நஷ்டம் என்றே படுகிறது. பொய் வழக்கில் மாட்டியவன் எதைச் சொல்லி அழுவான்?

52-ல் எனக்கு இடறலாக இருப்பது சாபம் இல்லை, சிரிப்பு. நீதிமான்கள் கண்டு பயந்து, அவனைப் பார்த்து நகைப்பார்கள் என்று வருகிறதே. நீதிமொழிகள் 24:17 சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே என்கிறது.

மார்த்தா:

முதலில் பயம், அப்புறம்தான் நகைப்பு. வரிசையைப் பாருங்கள். தங்களுக்கும் நாக்கு இருக்கிறது என்ற பயம் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

109-ஐ விட்டது சரியா என்று கேட்டால், முதலில் அந்தச் சாபங்களை யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2 முதல் 5 வரை எதிரிகள் பலர்: கபட வாய்கள், பொய் நாவு. 6-ல் திடீரென்று ஒருவன் ஆகிவிடுகிறான்: அவன் நாட்கள் கொஞ்சமாகட்டும், அவன் பிள்ளைகள் பிச்சையெடுக்கட்டும். இப்படியே 19 வரை. 20-ல் மறுபடியும் பலர். ஆகவே நடுவில் உள்ளது எதிரிகள் பாடகனைப் பற்றிக் கோர்ட்டில் சொன்ன சாபம், அவன் அதைத் தேவனுக்கு வாசித்துக் காட்டுகிறான் என்று சிலர் சொல்கிறார்கள். 28-ல் 'அவர்கள் சபித்தாலும் நீர் ஆசீர்வதியும்' என்று வருவதும் அதற்கு ஒத்துப்போகிறது.

பழைய ஏடு:

நல்ல வாதம்தான், நானும் பாதி நம்புகிறேன். ஆனால் அப்போஸ்தலர் 1:20-ல் பேதுரு 109:8-ஐ யூதாசின் மேல் வைக்கிறார். அவர் அதை எதிரியின் பேச்சாக வாசிக்கவில்லை. 20-ம் வசனமும் அந்தச் சாபத்தை அப்படியே அவர்கள் தலையில் திருப்பிவிடுகிறது. யார் வாயில் தொடங்கினாலும் கடைசியில் பாடகனும் கையெழுத்துப் போட்டுவிடுகிறான்.

58-க்கு இன்னொரு வாசிப்பு இருந்தது. 1937 ஜூலையில், ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் நீமோலர் கைதான சில நாளில், அவரைப் போன்ற இன்னொரு போதகரான போன்ஹோஃபர் பின்கென்வால்டே குருமடத்தில் இந்தச் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். பாவிகளான நாம் இதை நம் சொந்தக் கோபமாகச் சொல்ல முடியாது, குற்றமற்றவர் ஒருவர்தான் சொல்ல முடியும் என்பது அவர் போக்கு. பாட்டையும் விடவில்லை, தன் கையில் ஆயுதமாகவும் எடுக்கவில்லை.

யூதர்கள் தினமும் மூன்று வேளை செய்யும் அமிதா ஜெபத்தின் கடைசியில், 34:13-ஐ அப்படியே வேண்டுதலாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்: என் தேவனே, தீங்குக்கு என் நாவையும் கபடம் பேசாதபடி என் உதடுகளையும் காத்தருளும்; என்னைச் சபிக்கிறவர்களுக்கு முன் என் உயிர் மவுனமாயிருக்கட்டும். ரவீனாவின் மகன் மார் என்ற ரபியின் ஜெபம் என்று தல்மூத் சொல்கிறது.

வாசிப்பவன்:

அது பிடித்திருக்கிறது. 52-ஐவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அக்கா கோபிக்கக்கூடாது.

இருந்தாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. தோவேக்கு விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. 50:21-ல் தேவனே ஒப்புக்கொள்கிறார்: இவற்றை நீ செய்யும்போது நான் மவுனமாயிருந்தேன், நானும் உன்னைப்போல் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாய். நோபில் அந்த மவுனத்துக்கு விலை 85 பேர். ஊரையும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

மார்த்தா:

கோபம் இல்லை தம்பி. அந்த மவுனத்துக்கு என்னிடம் பதிலும் இல்லை. தப்பி வந்த அந்த ஒருவன் என்ன ஆனான் என்று மட்டும் சொல்லட்டுமா? அபியத்தார் தாவீதின் காலம் முழுக்கக் கூட இருந்தான், உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்தான். கடைசியில், ராஜாவாகப் போட்டியிட்ட அதோனியா பக்கம் சாய்ந்ததால் சாலொமோன் அவனை ஆசாரியத்துவத்திலிருந்து நீக்கி, ஆனதோத்திலுள்ள உன் வயலுக்குப் போ என்று அனுப்பிவிட்டான். ஏலியின் வீட்டைப் பற்றிய வாக்கு இதனால் நிறைவேறியது என்று 1 இராஜாக்கள் 2:27 எழுதுகிறது.

கச்சேரித்தெரு:

ஆனதோத்தா? எரேமியா 1:1 என்ன சொல்கிறது: ஆனதோத்திலிருந்த ஆசாரியரில் ஒருவனான இல்க்கியாவின் குமாரன்.

பழைய ஏடு:

ஆமாம். எரேமியா அபியத்தாரின் வம்சம் என்று வசனம் எங்கும் சொல்லவில்லை, பலர் அப்படி ஊகிக்கிறார்கள். ஆனால் அந்த ஊரிலிருந்து வந்தவர் எழுதியதைப் பாருங்கள். 9:3-ல் பொய்க்கு வில்லாக வளைக்கப்பட்ட நாக்கு. 9:8-ல் அந்த நாக்கு கூர்மையாக்கப்பட்ட அம்பு. வாயில் சமாதானம், உள்ளே பதுங்கிப் பாயும் பதிவிடை. 18:18-ல், வாருங்கள், அவனை நாவினாலே வெட்டுவோம் என்று எதிரிகள் கூடிப் பேசுகிறார்கள். அவரைக் கொல்லத் தேடியவர்களில் ஆனதோத்து மனுஷரும் உண்டு, 11:21.

கீழவாசல்:

20:10-ம் அதே கதைதானே. 'அறிவியுங்கள், நாங்கள் அதை அறிவிப்போம்' என்று அவரைச் சுற்றி முணுமுணுக்கிறார்கள். தோவேக்கு ஒருவன் செய்ததை அங்கே ஒரு கூட்டமே செய்கிறது. இன்று ராத்திரி 20-ம் அதிகாரத்தை முழுதாக வாசித்துவிட்டுத் தனி இழை தொடங்குகிறேன். பஸ்கூர் எரேமியாவைக் கட்டையில் மாட்டிய இடத்திலிருந்து ஆரம்பிக்கலாமா ஐயா?

பழைய ஏடு:

ஆரம்பியுங்கள். 26-ம் அதிகாரத்து விசாரணையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கச்சேரித்தெருவுக்கு அங்கே வேலை இருக்கிறது.